மொழி மாறும் இடம்

1

தமிழ்ப் பாலையில் மணல் கிடையாது. ஒட்டகமும் கிடையாது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தவர்கள், சிலர் பாலைவனம் என்று பொருள்படும் சொல்லையும் சிலர் பாழ்நிலம் என்று பொருள்படும் சொல்லையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது சொல்லோடு எலியட்டின் 1922ஆம் வருஷத்துக் கவிதையும் அழைக்காமலே உள்ளே வந்துவிடுகிறது. இரண்டுமே நம் விஷயத்துக்குப் பொருந்துவதில்லை.

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்ற நாலுக்கும் தெய்வம் சொல்கிறார். பாலைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பொழுதுதான் தருகிறார்: வேனில், நண்பகல், பிறகு பின்பனி. இளங்கோவின் விளக்கம் இன்னும் தெளிவு. காடும் மலையும் கோடையில் தம் குணம் கெட்டுக் கொள்கிற தோற்றமே பாலை என்கிறார். அதாவது பாலை என்பது நிலத்துக்கு நேர்கிற ஒரு ஸ்திதி. வரும், போகும்.

இதைப் புரிந்துகொள்ள ராஜஸ்தான் போகவேண்டியதில்லை. சூளகிரிப் பக்கத்தில் சித்திரையில் ஒரு நாள் நடுப்பகலில் நடந்தால் போதும். பாறைக் குன்றுகள், வற்றின ஏரிகள், கேழ்வரகு விளைந்த கொல்லைகள் கட்டாந்தரையாக. மாடுகள் நிழல் தேடி நிற்கும். மழை விழுந்த பின் அதே மண்ணில் கொத்தமல்லியும் புதினாவும் பச்சென்று கிடக்கும். குறிஞ்சியும் முல்லையும் கலந்த பிரதேசம் இது. பாலை இதற்குள் எப்போதும் இருக்கிறது, மாசங்கள் மாறும்போது வெளியே தெரிகிறது.

அகநானூற்றின் 400 பாட்டுகளில் ஒற்றைப்படை எண் பெற்றவை அத்தனையும் பாலை. சரிபாதி, 200. தொகுத்தவர்களின் வரிசைக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் வரிசைக்கு அடுக்குவதற்கு முன்னால் பாட்டுகள் கையில் இருந்திருக்க வேண்டும். நாலு நிலங்களில் வாழ்ந்த ஒரு சமூகம், ஒருவரும் நிலைத்து வாழாத ஐந்தாவதைப் பற்றி ஏன் இவ்வளவு பாடியது என்பதுதான் கேள்வி. என் பதில்: பாலை என்பது வழி. வழியில்தான் அந்நியர்கள் சந்திக்கிறார்கள்.

2

முன்பின் தெரியாத இருவரின் உறவைச் சொல்வதற்குக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எல்லாரும் எடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வரை அது வந்துவிட்டது. நான் 7ஆம் பாட்டை எடுக்கிறேன். பெரும்பதுமனார் பாடியது. அதில் காதலன் பேசவில்லை, காதலி பேசவில்லை. வழியில் கண்டவர்கள் பேசுகிறார்கள்.

அவர்கள் பார்ப்பது கால்களை. வில் வைத்திருப்பவன் காலில் கழல். அவள் கையில் தொடி, காலில் இன்னும் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பு கழற்றும் சடங்கு ஒன்று உண்டு. அது நடக்கவில்லை என்பது கண்டவர்களுக்கு உடனே தெரிகிறது. ஆகவே இவள் வீட்டைவிட்டு வந்தவள். யாரோ நல்லவர்கள், பாவம் என்று இரங்குகிறார்கள். இருவரும் போக நினைக்கும் மூங்கில் காட்டில் வாகை நெற்றுகள் காற்றில் அடிபட்டு ஒலிக்கும். அந்த ஒலிக்கு உவமை, ஆரியக் கூத்தர் கயிற்றின் மேல் ஆடும்போது கொட்டும் பறை.

இந்த உவமையைப் பண்பாட்டுத் தொடர்புக்குச் சான்றாக எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிடுவது நம் ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கம். எனக்கு அது பேசுகிறவர்களைப் பற்றிய செய்தியாகப் படுகிறது. இந்த வழியில் வெளியார் போய்வருவதைப் பார்த்துப் பழகினவர்கள் அவர்கள். வடக்கிலிருந்து வந்த கழைக்கூத்தாடியின் பறை காதில் தங்கியிருக்கிறது. அதனால்தான் கழலையும் சிலம்பையும் சேர்த்துப் பார்த்தும், எந்த ஊர், என்ன குலம் என்று விசாரிக்கவில்லை. தெரிந்துகொண்ட உண்மையை ஓடிப்போய்ச் சொல்லவும் இல்லை.

கலித்தொகையின் 9ஆம் பாட்டில் பெண்ணைத் தேடி வரும் செவிலி வழியில் அந்தணர்களைச் சந்திக்கிறாள். குடையும் முக்கோலும் உறியில் தொங்கும் கமண்டலமும் கொண்டவர்கள். கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள், அதோடு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். மலையில் பிறந்த சந்தனம் பூசுகிறவர்களுக்கு அல்லாமல் மலைக்கு என்ன செய்யும்? கடலில் பிறந்த முத்து அணிகிறவர்களுக்கு. யாழில் பிறந்த இசை பாடுகிறவர்களுக்கு. உங்கள் பெண்ணும் அப்படித்தான்; அவள் போனது அறவழி. ஒழுக்கத்துக்குக் காவலாக நிற்கவேண்டியவர்களின் வாயில் கவிஞர் இந்தப் பேச்சை வைத்தது சாதாரண விஷயமில்லை.

உடன்போக்கைக் காப்பாற்றுகிற மூன்றாவது ஆள் கண்டோர்தாம். காதலன் வில் எடுத்துப் போவது உண்மை. ஆனால் வில்லால் எத்தனை நேரம் காக்க முடியும்? வழியில் கண்டவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் அந்த இரண்டு உயிர்கள் தொங்குகின்றன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாலைக்கு எழுதிய நூறு பாட்டுகளில் ஒரு பத்து தாய் இரங்குவது, அடுத்த பத்து உடன்போகையில் நடுவழியில் பேசுவது, கடைசிப் பத்து திரும்பி வருவது. தாய், வழி, மீட்சி. வழியைக் கடந்தால்தான் மீட்சி.

3

இது வரைக்கும் சரி. ஆனால் சங்கப் பாலையில் ஒரு கோடு இருக்கிறது.

பாலையில் இரண்டு விதமாகப் போகிறார்கள். ஒன்று, இருவரும் சேர்ந்து போவது. இன்னொன்று, அவன் மட்டும் பொருள் தேடிப் போவது. முதலாவது பயணம் எங்கே முடிகிறதென்றால் பெரும்பாலும் அவன் ஊரில், அதே பேச்சு வழங்கும் ஊரில். இரண்டாவது பயணம்தான் மொழி மாறும் நாட்டுக்குப் போகிறது. குறுந்தொகை 11, மாமூலனார். வளை நெகிழ்ந்து தூக்கம் கெட்டுக் கிடப்பவள் தன் நெஞ்சைப் பார்த்துச் சொல்கிறாள்: எழுந்திரு, போகலாம். வடுகர் எல்லைக்கும் கட்டியின் நாட்டுக்கும் அப்பால், வேறு பாஷை பேசும் தேசத்தில் அவர் இருந்தாலும் போய்ச் சேரலாம். அவள் கிளம்பினாளா என்பது பாட்டில் இல்லை. கிளம்பினதாக எந்த உரையும் சொல்லவில்லை.

கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? பொருள் இருக்கிறது. வடுகர் இருக்கிறார்கள். வடுகர் என்றால் வில், வெறி பிடித்த நாய்கள், முடிவில்லாமல் நீண்டுபோகிற புரியாத பேச்சு. வடுகப் பெண் என்று ஒருத்தி அங்கே இருந்திருப்பாள் அல்லவா? நான் வாசித்த அளவில் பாலைத் தலைவி ஒருத்திகூட, என் கணவன் அந்தத் தேசத்தில் இன்னொருத்தியிடம் மயங்கிவிடுவானோ என்று பயப்படவில்லை. காடு, வெயில், யானை, ஆறலை கள்வர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள். சக்களத்தி பயம் மருதத்துக்கு உரியது. பரத்தை சொந்த ஊரில், அடுத்த தெருவில், இதே பாஷை பேசிக்கொண்டு இருக்கிறாள். வேறு பாஷை பேசுகிறவள்மேல் காதல் வரும் என்பது அந்தக் கவிதைக்கு ஒரு சந்தேகமாகக்கூட எழவில்லை. பொறாமைக்குக்கூட லாயக்கில்லாத தூரத்தில் வைத்துவிட்டது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. சூளகிரிச் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே பேரத்துக்குள் வந்துபோகும். விலை ஒரு பாஷையில், வசவு ஒரு பாஷையில். நான் எழுதுவது தமிழில். சங்கப் பாட்டில் வடுகர் வரும் இடமெல்லாம் அந்தப் புரியாத நீண்ட பேச்சு என் அம்மாவின் பேச்சுக்கு எவ்வளவு தூரத்து மூதாதை என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. மிக உயர்ந்த காதல் கவிதையைப் படிக்கிறேன். அதில் என் முன்னோர்கள் புதரில் ஒளிந்து நிற்கிறார்கள்.

4

கவிதை வெற்றிடமாக விட்ட இந்தப் பகுதியைக் கற்கள் நிரப்பியிருக்கின்றன.

நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது, தருமபுரிக் கல்வெட்டுகளின் தொகுதி 1975இல். சூளகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில். 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆநிரை கவரவோ மீட்கவோ போய்ச் செத்தவர்களின் கற்கள் இந்த வட்டாரம் முழுக்க நிற்கின்றன. தமிழில் ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கன்னடத்தில் ஒன்று. கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர் எல்லாரும் ஆண்ட இடம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்னடக் குடும்பத்து ஹொய்சள ராமநாதன் காவிரிக் கரைக் கண்ணனூரை விட்டு வந்து இங்கே குந்தாணியில் இருந்து ஆண்டான். அவன் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழ். எந்த பாஷைக்காரன் எந்த பாஷையில் எழுதுவான் என்பதற்கு இங்கே விதி இருந்ததில்லை.

அகநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. வழியோரத்து நடுகல்மேல் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் உரசி எழுத்துகளின் கோடுகள் தேய்ந்துவிட்டன. வழிப்போக்கர்களுக்கு அந்த எழுத்து இப்போது வேறு பொருள் தருகிறது. எல்லையில் வாழ்வதைப் பற்றி இதைவிடச் சரியான படிமம் எனக்குத் தெரியாது. எழுதினவன் ஒன்றை நினைத்தான், வண்டி ஒன்றைச் செய்தது, வந்தவன் மூன்றாவதாக ஒன்றைப் படித்தான்.

நடுகல்லோடு இன்னொரு வகைக் கல்லும் உண்டு. வளையணிந்த கை ஒன்று மடங்கி உயர்ந்திருக்கும். கணவனோடு தீயில் இறங்கினவளின் கல், மாசதி. கன்னடத்தில் மாஸ்தி. எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூர்த் தாலுகாவில் மாஸ்தி என்று ஊரே இருக்கிறது. 1983இல் ஞானபீடப் பரிசு பெற்ற கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டு பாஷை தமிழ். அவர் வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். என் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். இந்த மேட்டு நிலத்தில் இது விசேஷமே இல்லை. ஆனால் மாசதிக் கல் ஒரு எச்சரிக்கையும் செய்கிறது: ஆணையும் பெண்ணையும் சேர்த்து ஒரே கல்லில் நிறுத்த நம் ஊர் விரும்பியது, இருவரும் செத்த பிறகு.

5

மொழியும் மதமும் மாறி ஒரு பெண் நிலமெல்லாம் கடந்து வந்த கதை தமிழில் ஒன்றாவது உண்டா என்று தேடினால், அது கிடைக்கிற இடம் இலக்கியம் அல்ல, கோயில்.

ஸ்ரீரங்கத்தின் கோயிலொழுகு சொல்லும் கதை. படையெடுப்பில் அரங்கனின் உற்சவ மூர்த்தியை டெல்லிக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். கரம்பனூர்ப் பெண் ஒருத்தி படையின் பின்னாலேயே நடக்கிறாள். அவள் பெயர் கதையில் பின்சென்றவல்லி. மூர்த்தி இருக்கும் இடத்தைக் கண்டு திரும்பி வந்து சொல்கிறாள். டெல்லியில் சுல்தானின் மகள் அதை வைத்து விளையாடி, பிறகு பிரிய முடியாதவளாகிவிட்டாள். கோயிலார் மூர்த்தியை மீட்டுக்கொண்டு புறப்பட, அவள் பின்தொடர்ந்து ஸ்ரீரங்கம் வருகிறாள். இங்கேயே உயிர் விடுகிறாள். அவளுக்கு ஒரு சந்நிதி உண்டு, துலுக்க நாச்சியார். உருவம் சிலையில்லை, ஓவியம். அவள் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டி நிவேதனம். கர்நாடகத்து மேலுக்கோட்டையிலும் இதே கதை ராமானுஜரை வைத்துச் சொல்லப்படுகிறது. அங்கே அவள் பீபி நாச்சியார்.

இதைச் சரித்திரமாகக் கொள்ள முடியாது. இரண்டு கோயில்களின் கதைகளும் காலத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆனால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்கிறது என்பது சரித்திரம். ஒருத்தி இங்கிருந்து அங்கே நடந்தாள், ஒருத்தி அங்கிருந்து இங்கே. சங்கக் கவிதை மூடிவைத்த கதவு திறந்துகொள்கிறது. என்ன விலைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். காதலன் கடவுளாக இருக்கவேண்டியிருந்தது. காதலி சாக வேண்டியிருந்தது.

சிந்து தேசத்து சஸ்ஸுயியின் கதையிலும் இதே விலைதான். அவள் பம்பூரில் சலவைக்காரர் வளர்த்த பெண். புன்ஹு மக்ரான் பகுதியின் கேச்சிலிருந்து வந்த பலூச்சி இளவரசன். அவளை மணக்க அவனும் துணி வெளுக்கிறான். அவன் சகோதரர்கள் வந்து ஒரு ராத்திரி அவனை மயக்கி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் காலால் நடக்கிறாள், மலையும் வறண்ட வெளியுமாக. கடைசியில் பூமி பிளந்து அவளை வாங்கிக்கொள்கிறது. 1752இல் மறைந்த ஷா அப்துல் லத்தீப் தன் ‘ரிஸாலோ’வில் ஐந்து பகுதிகளை இவளுக்குக் கொடுத்திருக்கிறார். கதையை முதலிலிருந்து அவர் சொல்வதில்லை. கேட்பவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு, அவள் வழியில் இருக்கும்போதே ஆரம்பிக்கிறார். நம் பாலைக் கவிஞர்களின் முறையும் இதுவே.

சஸ்ஸுயிக்கு வழியில் எதிர்ப்பட்டவன் ஒரு இடையன். தண்ணீர் கேட்டவளை அவன் தொட வருகிறான். அப்போதுதான் பூமி பிளக்கிறது. மீண்டும் கண்டோர். பெரும்பதுமனாரின் கண்டோர் இரங்கினார்கள், இருவரும் நடந்தார்கள். இந்தக் கண்டோன் வேறு மாதிரிப் பார்த்தான், வழி அங்கேயே முடிந்தது.

தனியாக நடந்த பெண் நம்மிடமும் இல்லாமல் இல்லை. வெள்ளிவீதியார் தன் பாட்டில், ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் போல ஆகிவிடுவேனோ என்கிறார். ஔவையார் இன்னொரு பாட்டில், வெள்ளிவீதியைப் போலப் போய்விடலாமா என்கிறார். மரபு இந்த ஔவையாரைத் தகடூர் அதியமானின் ஔவையாராகவே கொள்ளும். தகடூர் இங்கிருந்து தெற்கே எட்டிப்பிடிக்கும் தூரம். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் அடிச்சுவட்டைப் பார்த்துக் கிளம்புகிற இந்தச் சங்கிலியை நம் விமர்சனம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

6

இருபதாம் நூற்றாண்டில் கதை வேறு திசையில் ஒரு முறை நடந்தது. ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில்தான். 1918இல் காந்தி தன் மகன் தேவதாஸைச் சென்னைக்கு இந்தி சொல்லித்தர அனுப்பினார். வடக்கேயிருந்து வந்தவன் பொருளுக்காக வரவில்லை, தன் தாய்மொழிகூட இல்லாத ஒரு பாஷையைக் கற்பிக்க வந்தான். பின்னால் அவரும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். குஜராத்தி பனியா, தமிழ் ஐயங்கார். பெண் சின்னவள். இரண்டு தகப்பன்மாரும் கூடிப் பேசி ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஐந்து வருஷம் பிரிந்திருக்க வேண்டும், பிறகும் மனம் மாறாவிட்டால் சம்மதம். மனம் மாறவில்லை. 1933 ஜூன் 16ஆம் தேதி புனாவில் கல்யாணம் நடந்தது.

நடக்காத பாலை என்று இதைச் சொல்வேன். வழியின் தூரம் முழுவதையும் காலமாக மாற்றி, இரண்டு பேரையும் அதில் நிற்கவைத்தார்கள். அது கொடுமையா, கருணையா என்று இன்றும் வாதிக்கலாம். ஆனால் கடைசியில் தகப்பன்மார் கூட நின்றார்கள்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2018 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. இப்படிப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் பற்றியும் பேசியது. அதே வருஷம் நவம்பரில், சாதி மாறி மணந்த ஓசூர்ப் பக்கத்து இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில், காவிரியில் கிடைத்தன. இருவருக்கும் நடுவே மொழி எல்லைகூட இருக்கவில்லை. ஒரே ஊர்ப் பேச்சு. மாநில எல்லையை அவர்கள் பிணமாகக் கடந்தார்கள். வழியில் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். இந்தச் சாலை ஒருபோதும் காலியாக இருப்பதில்லை.

இப்போது சூளகிரி வழியாகப் போகும் தொழிற்சாலை பஸ்களில் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. வீட்டைவிட்டு வெகுதூரம் வந்த இளவயதுக்காரர்கள். பொருள்வயிற் பிரிவு இப்போது பெண்களுக்கும் உரியதாகிவிட்டது. இவர்களில் யாரோ இரண்டு பேர், அவனுக்கு ஒரு பாஷை அவளுக்கு ஒரு பாஷையாக, பஸ் நிறுத்தத்தில் நிற்கத்தான் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் நாம். இலக்கியம் நம்மை எதற்காவது பழக்கியிருக்கிறதென்றால் அது அந்தப் பார்வைக்காகத்தான் இருக்க வேண்டும்.

பெரும்பதுமனாரின் பாட்டை மறுபடி படித்தேன். இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒன்று இப்போது தெரிகிறது. அந்த இருவரும் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கண்டவர்கள் காதில் விழுவது வாகை நெற்றின் சத்தம் மட்டும். கழல் எந்த பாஷைக்காரன் காலிலும் இருக்கலாம். அவன் வாய் திறந்தால் தமிழ் வருமா என்பதைப் பாட்டு சொல்லவில்லை, கண்டவர்களும் கேட்கவில்லை. என் வடுகன் புதரிலிருந்து எழுந்து அவளோடு நடக்க அங்கே இடம் இருக்கிறது.